அன்றாட உடையில் தற்காப்புப் பயிற்சி

அன்றாட உடையில் தற்காப்புப் பயிற்சி என்பது, தற்காப்புக் கலைகளுக்கென வகுக்கப்பட்ட தனி உடையை அணியாமல், ஒருவர் வீட்டிலும் தெருவிலும் தொழிலிடத்திலும் வழக்கமாக அணியும் உடையிலேயே தாக்குதலைத் தடுக்கவும் பிடியிலிருந்து விடுபடவும் பழகுவது ஆகும். வேட்டி, கைலி, சேலை, சுரிதார், பள்ளிச் சீருடை, காவலர் சீருடை, கடல் தொழிலாளரின் வேலை உடை ஆகியன இதில் அடங்கும். தமிழ்நாட்டில், குறிப்பாக இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளில், சிலம்பம், குத்துவரிசை, வளரி வீச்சு ஆகியன நெடுங்காலம் இவ்வாறே பழகப்பட்டன. தனிச்சீருடை என்பது இக்கலைகள் போட்டி விளையாட்டாக மாறிய பின்னர் வந்து சேர்ந்தது.

பெரும்பாலான பயிற்சிக் கூடங்களில் இன்று தளர்வான மேற்சட்டையும் காற்சட்டையும் அணிந்தே கற்பிக்கின்றனர். தாக்குதலுக்கு உள்ளாகும் ஒருவர் அவ்வேளையில் அவ்வுடையில் இருப்பதில்லை. கூடத்தில் எளிதாக வந்த உதை, கொசுவம் வைத்துக் கட்டிய சேலையில் வருவதில்லை. இந்த இடைவெளியைக் குறைப்பதே இப்பயிற்சி முறையின் நோக்கமாகும்.

உடையும் அசைவும்

உடை மூன்று வகைகளில் அசைவைப் பாதிக்கிறது. முதலாவது, அது எட்டு வைக்கும் தொலைவைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது, எதிராளிக்குப் பிடிமானம் தருகிறது. மூன்றாவது, நனைந்தாலோ கிழிந்தாலோ அவிழ்ந்தாலோ அணிந்திருப்பவரின் கவனத்தைத் திருப்புகிறது. பயிற்சியாளர்கள் முதல் இரண்டையும் விரிவாகப் பேசுவர், மூன்றாவதை மறந்துவிடுவர். நடைமுறையில் பலரை முடக்குவது மூன்றாவதே. கைலி அவிழ்ந்துவிடுமோ என்று ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு எஞ்சியிருப்பது ஒரு கை மட்டுமே.

கைலி, இரு முனைகளும் சேர்த்துத் தைக்கப்பட்ட துணிக்குழாய். அதன் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். கணுக்கால் வரை தொங்கவிட்டால் நடப்பதற்குப் போதும். அகன்ற நிலைக்குப் போதாது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினால் முழங்கால் விடுபடும், ஆனால் தொடைப் பகுதியில் துணி இரட்டிப்பாகி இறுகும். உழவரும் மீனவரும் பனையேறிகளும் கீழ்விளிம்பைக் கால்களுக்கிடையே வாங்கிப் பின்புறம் செருகிக்கொள்வது இதனால்தான். தைக்கப்படாத வேட்டியில் இதுவே தார்ப்பாய்ச்சிக் கட்டுதல் எனப்படும். சிலம்பத்தின் காலடி வரிசைகளுக்குத் தேவையான முன்பின் எட்டும் பக்க எட்டும் இந்தக் கட்டில் தடையின்றி வருகின்றன. பழைய மல்லர்களும் போர்வீரரும் அணிந்த சல்லடம் எனப்படும் அரைக்காற்சட்டையும் இதே தேவைக்கு உரியதே.

சேலையின் நீளம் பொதுவாக ஐந்தரை மீட்டர். முன்கொசுவம் வைத்துக் கட்டும்போது மடிப்புகள் முன்னே விழுவதால், முழங்காலைத் தூக்குவதற்குத் தேவையான தளர்வு அம்மடிப்புகளில் உள்ளது. ஆனால் பின்னோக்கி எட்டு வைக்கும்போது குதிகால் விளிம்பை மிதித்துவிடும். எனவே சேலையில் பழகுவோருக்கு முதலில் கற்பிக்க வேண்டியது நேர்ப் பின்வாங்கல் அன்று, பக்கவாட்டில் விலகுதல். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு பின்கொசுவம் வைத்துக் கட்டும் பழைய வழக்கத்தில் இந்தச் சிக்கல் பெரிதும் இல்லை. வயல் வேலைக்கு ஏற்ற கட்டு, தற்காப்புக்கும் ஏற்ற கட்டாக அமைந்தது இயல்பே.

முந்தானை, துப்பட்டா, பின்னல், கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு ஆகியன பிடிமானங்கள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினால் அந்தப் பிடிமானம் மறைகிறது. துப்பட்டாவை இரு தோளிலும் ஊக்கு குத்தி நிறுத்துவது பள்ளி மாணவியரிடையே பரவலான வழக்கம். அதைப் பின்னாலிருந்து இழுத்தால் ஆளும் சேர்ந்து வருவார். ஊக்குக்குப் பதில் அமுக்குப் பொத்தான் வைத்துத் தைத்தால் இழுத்தவர் கையில் துணி மட்டும் மிஞ்சும்.

இராமநாதபுரம் பகுதியில்

சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் படைக்கலப் பயிற்சி அன்றாட வாழ்விலிருந்து பிரிந்து நிற்கவில்லை. இதற்குச் சிறந்த சான்று வளரி ஆகும். வளைந்த வடிவில் மரத்தாலும் இரும்பாலும், சில வேளை தந்தத்தாலும் செய்யப்பட்ட இந்த எறிபடை போருக்கு மட்டும் உரியதன்று. முயல் முதலிய சிறு விலங்குகளை வேட்டையாடவும் அது பயன்பட்டது. கள்ளர் சமூகத் திருமணங்களில் மணமக்கள் வீட்டார் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் நூல் தொகுதியில் பதிவு செய்துள்ளார். வேட்டைக்கும் திருமணத்துக்கும் போருக்கும் பொதுவான ஒரு கருவியைப் பழகத் தனி உடை தேவைப்பட்டிருக்காது என்பது எளிதில் விளங்கும்.

ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் படைநினைவு நூலில், சிவகங்கையின் சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்ததாக எழுதியுள்ளார். 1801-இல் அதே சின்ன மருதுவுக்கு எதிரான போரில் வெல்ஷ் கும்பனிப் படையில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். திசம்பர் மாதம் ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் படைக்கலங்களைக் கைவிடச் செய்தது.

ஈட்டியும் வாளும் வளரியும் வீட்டில் வைத்திருக்க இயலாதவை ஆகிவிட்ட நிலையில், கம்பு மட்டும் எஞ்சியது. ஆடு மேய்ப்பவன் கையிலும் இரவுக் காவல்காரன் கையிலும் முதியவர் கையிலும் இருப்பது கம்புதான். அதைப் படைக்கலம் என்று பறிப்பது எளிதன்று. சிலம்பம் சிற்றூர்களில் தொடர்ந்து நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆட்டத்துக்கான உடையும் வேலை உடையாகவே இருந்தது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, இடுப்பில் துண்டை இறுக்கி, வெறுங்காலுடன் களத்தில் இறங்குவர். கோயில் திருவிழாக்களிலும் முகரம் ஊர்வலங்களிலும் சிலம்பாட்டம் நடந்தபோது நிறத் துண்டும் முண்டாசும் சேர்ந்தன.

இடுப்பில் கட்டிய துண்டு அலங்காரம் மட்டும் அன்று. அது அடிவயிற்றுக்கும் இடுப்புக்கும் இறுக்கம் தருகிறது. தேவைப்பட்டால் அவிழ்த்து எதிராளியின் மணிக்கட்டைச் சுற்றலாம். தெற்கே குமரி மாவட்டத்து அடிமுறையில் துணியைக் கொண்டு தாக்குதலைத் தடுத்து, கையைப் பிணைக்கும் முறைக்கு லேஞ்சி என்று பெயர். (லேஞ்சி என்பது கைக்குட்டையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழில் கைக்குட்டைக்கு இன்றும் இச்சொல் வழங்குகிறது.)

பெண்களைப் பொறுத்தவரை, இராமநாதபுரம் அரண்மனையில் 1730-இல் பிறந்து பின்னர்ச் சிவகங்கையை ஆண்ட வேலு நாச்சியார், சிலம்பமும் வளரியும் குதிரையேற்றமும் பயின்றவர் என வழங்கப்படுகிறார். அவருடைய படையைச் சேர்ந்த குயிலி பற்றிய வழக்காறு இக்கட்டுரைப் பொருளோடு நேரே தொடர்புடையது. நவராத்திரி விழாவுக்கு வரும் பெண்களைப் போல வழக்கமான உடையில், பூக்கூடைகளில் படைக்கலங்களை மறைத்துக்கொண்டு, சிவகங்கை அரண்மனைக்குள் பெண்கள் படை நுழைந்தது என அவ்வழக்காறு கூறுகிறது. போர் உடையில் வந்திருந்தால் வாயிலிலேயே தடுக்கப்பட்டிருப்பர் என்பதே அக்கதையின் உயிர்.

கடற்பாசி சேகரிப்போர்

மன்னார் வளைகுடாக் கரையிலும் பாம்பன் தீவிலும் உள்ள மீனவ ஊர்களில் பெண்கள் மரிக்கொழுந்துப் பாசி முதலிய கடற்பாசிகளை மூழ்கிச் சேகரிக்கின்றனர். அவர்களுடைய வேலை உடை தமிழ்நாட்டின் தனித்தன்மை வாய்ந்த தொழில் உடைகளுள் ஒன்று. சேலையின் மேல் ஆண்கள் அணியும் சட்டையோ பனியனோ போட்டுக்கொள்வர். பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிக்கீற்றுகளையும் ரப்பர்த் துண்டுகளையும் சுற்றுவர். காலில் ரப்பர்ச் செருப்பு, கண்களுக்கு நீர்க்கண்ணாடி, இடுப்பில் பாசிக்கான வலைப்பை.

கடலுக்குள் இந்த உடை அவர்களைக் காக்கிறது. கரையேறியதும் நிலைமை மாறுகிறது. நனைந்த சேலை தொடையில் ஒட்டி, எட்டைப் பாதியாகக் குறைக்கிறது. இடுப்பில் கட்டிய பை பின்னோக்கி இழுக்கிறது. துணி சுற்றிய விரல்களால் இறுகப் பற்ற முடிவதில்லை. பல மணி நேரம் மூழ்கி எழுந்த உடல் களைத்திருக்கிறது. கரைக்கும் ஊருக்கும் இடையே உள்ள மணல்வெளியும் சீமைக் கருவேலங்காடும் ஆள் நடமாட்டம் குறைந்தவை.

2022 மே மாதத்தில் இராமேசுவரம் அருகே வடகாடு பகுதியில் கடற்பாசி சேகரிக்கச் சென்ற மீனவப் பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். அருகிலிருந்த இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் கைது செய்யப்பட்டனர். இந்நிகழ்வு தீவு முழுவதும் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. கடற்கரையில் தனியே தொழில் செய்யும் பெண்களின் பாதுகாப்பு என்பது பேருந்து நிறுத்தத்துக்கும் கல்லூரி வாயிலுக்கும் உரிய பாடங்களால் தீர்வது அன்று என்பதை இது காட்டியது.

இத்தகைய தொழிலாளருக்குப் பயன்படக்கூடிய பயிற்சியைப் பற்றி எண்ணும்போது சில செய்திகள் தெளிவாகின்றன. உயரமான உதைகளுக்கு இங்கே இடமில்லை. இடுப்புப் பையை ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சால் கட்டுதல், கரையேறியவுடன் விரல் துணியைக் கழற்றுதல், சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகுதல் ஆகியவையே முதல் மூன்று பாடங்களாக இருக்க முடியும். மணலில் ஓட ரப்பர்ச் செருப்பை உதறிவிட வேண்டும்; முள் நிறைந்த கருவேலங்காட்டில் உதறக்கூடாது. பாசியைச் சுரண்டப் பயன்படும் கருவி, நீர்க்கண்ணாடி, நனைந்த வலைப்பை என எது கையில் இருந்தாலும் அதை எதிராளியின் முகத்தை நோக்கி எறிந்துவிட்டு ஓடுவது, அதை வைத்துப் போராடுவதைவிட மேல். ஒருவரை ஒருவர் குரல் கேட்கும் தொலைவிலேயே வைத்துக்கொண்டு கூட்டமாகத் திரும்புவது இவை எல்லாவற்றினும் பயனுடையது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. தற்காப்பைப் பெண்களின் கடமையாக்குவது, பாதுகாப்பு தரவேண்டிய அரசின் கடமையையும் தாக்குபவரின் குற்றத்தையும் மறைத்துவிடும் என்று பெண்ணுரிமை இயக்கத்தினர் பலர் கூறிவருகின்றனர். உடையைப் பற்றிய பேச்சு எளிதில் உடையைக் குறைகூறும் பேச்சாகத் திரிந்துவிடும் என்பதும் அவர்கள் அச்சம். அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. கடற்பாசிப் பெண்களின் உடை தலை முதல் கால் வரை மூடிய உடை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். உடையை மாற்று என்பது இப்பயிற்சியின் கூற்று அன்று. உள்ள உடையில் எவ்வாறு அசைவது என்பதே அதன் கேள்வி.

அடிப்படைப் பயிற்சிகள்

கலை எதுவாயினும், அன்றாட உடையில் பழகுவோர் சில பயிற்சிகளைப் பொதுவாகச் செய்கின்றனர். கையைப் பிடித்திழுப்பவரின் பிடி பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையேதான் வலுக்குறைவானது. அவ்விடைவெளியை நோக்கி மணிக்கட்டைத் திருப்பி முழங்கையை மடித்து இழுத்தால் வலிமை குறைந்தவரும் விடுபடலாம். வளையல் அணிந்த கையில் இதனைச் செய்தால் கண்ணாடி உடைந்து கீறும். அதை முன்பே அறிந்திருப்பவர் திடுக்கிட்டு நிற்பதில்லை.

பின்னலைப் பிடித்தால் தலையை முன்னே இழுப்பது வலியைக் கூட்டும். பிடித்தவர் கையின்மேல் தம் இரு கைகளையும் வைத்து அழுத்தித் தலையோடு சேர்த்து நிறுத்திய பின்னரே திரும்ப வேண்டும். முந்தானையோ துப்பட்டாவோ பிடிபட்டால் எதிர்த்திசையில் இழுப்பதைவிட அதே திசையில் ஓரடி நகர்ந்து தளர்வு உண்டாக்குவது மேல். சங்கிலிப் பறிப்பு பெரும்பாலும் வண்டியில் வருபவர்களால் நிகழ்வது. சங்கிலியைப் பற்றிக்கொண்டால் வண்டியோடு இழுபட்டு விழ நேரும் என்பதால் விட்டுவிடுவதே தற்காப்பு.

மிகை ஆடை களைதலும் ஒரு பாடமே. தோளில் கிடக்கும் பை, துண்டு, மழைச்சட்டை ஆகியவற்றை ஓட்டத்தின் நடுவே நிற்காமல் கழற்றப் பழகுவது, ஒரு குத்தைக் கற்றுக்கொள்வதைவிடக் கூடுதல் பயன் தரும்.

பள்ளிகளிலும் சீருடைப் பணிகளிலும்

2012 திசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டு வன்முறைக்குப் பின் இந்தியா முழுவதும் மாணவியருக்கான தற்காப்புப் பயிற்சிகள் பெருகின. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவியருக்கு மூன்று மாதப் பயிற்சி வழங்கப்படுகிறது. இத்திட்டத்துக்கு இராணி இலட்சுமிபாயின் பெயர் இடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் கராத்தே, தைக்குவாண்டோ, யூடோ, சிலம்பம் ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சி பள்ளி வளாகத்திலேயே நடப்பதால் சீருடையோடு பழகுவது உண்டு. திட்டமிட்டு நிகழாவிடினும் இது நன்மையே.

காவல்துறையினர் சீருடையிலும் காலணியிலும் தடிப் பயிற்சி செய்கின்றனர். இராமநாதபுரக் கரையில் தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினரும், மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவற்படையினரும் பணியாற்றுகின்றனர். படகின் ஈரத் தளத்தில், மிதவைச் சட்டை அணிந்த நிலையில், கையின் மேலசைவும் குனிதலும் குறைகின்றன. உலர்ந்த திடலில் பழகிய பிடிகள் அங்கே அப்படியே பொருந்துவதில்லை.

சிலம்பம் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டிச் சிலம்பத்தில் பனியனும் காற்சட்டையும் நிலைபெற்றுவிட்டன. புள்ளி எண்ணுவதற்கு அவை வசதி என்பதில் ஐயமில்லை.

பிற இடங்களில்

உலகெங்கும் தற்காப்புக் கலையின் சீருடை என அறியப்படும் யப்பானிய வெள்ளை உடைக்கு நெடிய வரலாறு இல்லை. கானோ சிகோரோ 1882-இல் தோற்றுவித்த யூடோவில், சட்டையின் கழுத்துப்பட்டியையும் கைப்பகுதியையும் பிடித்து எறிவதே அடிப்படை. அக்காலத்து யப்பானியர் அன்றாடம் அணிந்த கிமோனோவை ஒத்த வெட்டில், இழுத்தாலும் கிழியாத தடித்த துணியில் தைக்கப்பட்டதே அவ்வுடை. அதாவது அது அன்றாட உடைக்கு ஈடாக வந்தது. ஒகினாவாவில் கராத்தே பழகியோர் தனி உடை ஏதும் அணியவில்லை. பூனகோசி கிச்சின் 1922-இல் தோக்கியோவுக்கு அக்கலையைக் கொண்டு சென்ற பின்னர், யூடோ உடையைப் பின்பற்றி வெள்ளை உடை புகுந்தது.

இலண்டனில் பார்டன் ரைட் என்பவர் 1890-களின் இறுதியில் பார்டிட்சு என்ற பயிற்சி முறையை உருவாக்கினார். மேற்சட்டையை எதிராளியின் தலையில் போர்த்துவதும், கைத்தடியால் தடுப்பதும் அதன் பாடங்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் எடித் கேரட் என்ற பெண்மணி, வாக்குரிமை கோரிப் போராடிய பெண்களுக்கு யுயுற்சு கற்பித்தார். தரை தொடும் பாவாடை அணிந்த அப்பெண்களுள் ஏறத்தாழ 30 பேர் 1913 அளவில் தம் தலைவியரைக் காவலரிடமிருந்து காக்கும் மெய்க்காப்பு அணியாக அமைந்தனர். அவர்கள் உடைக்குள் மறைத்து வைத்திருந்த மரக்கட்டை, இந்தியாவில் ஆங்கிலேயப் படையினர் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டு சென்ற கர்லாக்கட்டையே ஆகும். குயிலி பற்றிய வழக்காற்றை அறிந்தவருக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

இந்தியாவில் சேலையில் போர்க்கலை பயிலும் வழக்கத்துக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு கேரளத்தின் வடகரையைச் சேர்ந்த களரி ஆசான் மீனாட்சி அம்மா. எழுபது வயதைக் கடந்த பின்னரும் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி வாளும் கேடயமும் ஏந்திக் களத்தில் இறங்கிய இவருக்கு 2017-இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

சட்டம்

இந்தியாவில் 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்கிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகளின் இடத்தில் இவை உள்ளன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க இவ்வுரிமை பொருந்தும். காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு விளைவிக்க இவ்வுரிமை இடம் தராது. பாலியல் வன்முறை நோக்குடனான தாக்குதலின்போது தாக்குபவருக்கு மரணம் நேர்ந்தாலும் உரிமை பொருந்தும் என 38-ஆம் பிரிவு கூறுகிறது.

பெண்ணின் உடையைக் களையும் நோக்குடன் தாக்குவது தனிக்குற்றமாக 2013-இல் தண்டனைச் சட்டத்தில் 354ஆ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. இப்போது அது 76-ஆம் பிரிவு. இத்தகைய வழக்குகளில் கிழிந்த உடையே சான்றாகிறது. அதனைத் துவைக்காமலும் தைக்காமலும், நனைந்திருந்தால் நிழலில் உலர்த்தி, நெகிழிப் பையில் அன்றிக் காகிதத்தில் பொதிந்து காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். உடனடி உதவிக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181 ஆகியவற்றை அழைக்கலாம்.